இரண்டாம் எண் தாள்

பொறாமை என்றால் என்ன என்று விருத்தாம்பாளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எம்.ஃபில். பட்டத்துக்கு அவள் எழுதிய ஆய்வே அதைப் பற்றித்தான். தம்பி பிறந்ததும் மூத்த குழந்தை ஏன் சோறு வேண்டாம் என்கிறது, யாரும் பார்க்காதபோது ஏன் தொட்டிலில் கையை விட்டுக் கிள்ளுகிறது என்று குறிஞ்சிப்பாடிப் பக்கம் நாற்பது வீடு ஏறி இறங்கி நூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதியவள். வகுப்பில் அந்தப் பாடம் வந்தால் புத்தகத்தைத் திறக்கக்கூட மாட்டாள். அப்படிப்பட்டவள் கார்த்யாயினி விஷயத்தில் மட்டும் ஏழு வருஷம் வெந்து தொலைத்தாள் என்றால், படிப்பு ஒரு பக்கம், வயிற்றெரிச்சல் ஒரு பக்கம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கடலூரில் அது ஒரு தனியார் கலைக் கல்லூரி. உளவியல் என்றால் பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கிற படிப்பா என்று பெற்றோர் கேட்டுக்கொண்டிருந்த 2004இல் துணிந்து ஒரு துறையைத் தொடங்கினார்கள். துறை என்றால் மூன்று ஆசிரியர்களும், ஆய்வகத்துக்கு சாமிக்கண்ணு என்ற உதவியாளரும். தலைவர் சிவசுப்ரமணியன் சிதம்பரம் கீழ வீதிக்காரர், ஐம்பத்தோரு வயது, குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. ஜூன் பதினாறாம் தேதி சேர்ந்தவள் விருத்தாம்பாள். பிறந்தது குறிஞ்சிப்பாடி, வாழ்க்கைப்பட்டது செம்மண்டலம். ஜூலை ஐந்தாம் தேதி வந்து சேர்ந்தவள் கார்த்யாயினி. அவளும் சிதம்பரம்தான். இருவருக்கும் நடுவில் பத்தொன்பது நாள். வருகைப் பதிவேட்டில் தன் பெயர் மேலே, அவள் பெயர் கீழே. தினமும் காலையில் கையெழுத்துப் போடும்போது விருத்தாம்பாள் அதை ஒருமுறை பார்த்துக்கொள்வாள்.

முதல் ஆறு மாதம் பெரிதாக ஒன்றுமில்லை. கார்த்யாயினி பஸ்ஸில் நாற்பது கிலோமீட்டர் நின்றுகொண்டே வந்தாலும் புடவை கசங்காமல் வருவாள். அதுவே கொஞ்சம் உறுத்தியது. மத்தியானம் டிபன் டப்பாவில் கத்தரிக்காய் கொத்சு கொண்டுவந்து, "எடுத்துக்கோங்க மேடம்" என்று முதலில் விருத்தாம்பாள் பக்கம்தான் நகர்த்துவாள். கொத்சு நன்றாக இருந்து தொலைத்தது. விருத்தாம்பாள் இரண்டு முறை போட்டுக்கொண்டு, புளி கொஞ்சம் தூக்கல் என்பாள்.

அந்த டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்தது. ஜனவரியில் துறையிலிருந்து மூன்று பேரும் முகாம்களுக்குப் போனார்கள். விருத்தாம்பாள் முறையாகத்தான் போனாள்: கையில் அட்டை, அட்டையில் கேள்வித்தாள், தூக்கம் வருகிறதா, பசி எடுக்கிறதா என்று வரிசையாகக் கேள்விகள். கார்த்யாயினி கேள்வித்தாளைப் பையிலேயே வைத்துவிட்டு, பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஒரு மணி நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு எழுந்து வந்தாள். அடுத்த வாரம் விருத்தாம்பாள் தனியாகப் போனபோது அந்தப் பெண்கள் கேட்ட முதல் கேள்வி, அந்த சிதம்பரத்து டீச்சர் வரலியா என்பதுதான். அத்தனை பெரிய துக்கத்துக்கு நடுவில் நின்றுகொண்டு தனக்கு இது வலிக்கிறதே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. வெட்கமாக இருந்தாலும் வலித்தது.

அன்றைக்குப் பிடித்தது, விடவில்லை. மாணவிகள் சந்தேகம் கேட்க வந்தால் கண் முதலில் எந்த மேசைக்குப் போகிறது என்று பார்ப்பாள். ஆசிரியர் தினத்தன்று யார் மேசையில் எத்தனை ரோஜா என்று பார்க்காத மாதிரி பார்ப்பாள். தலைவரும் கார்த்யாயினியும் ஒரே ஊர்ப் பேச்சு பேசிக்கொண்டால், ரெண்டு பேரும் ஒரே வீதி, நாமதான் வெளியாளு என்று வீட்டில் வந்து சொல்வாள். கணவர் இளவரசு கடலூர் கோர்ட்டில் எழுத்தர். எந்தக் கதையையும் எதிர்த்தரப்பு வாதத்தோடுதான் கேட்பார். அவர் வேற வீதி, அவங்க வேற வீதி, நீதானே சொன்ன என்பார். அவளுக்கு ஆத்திரம் இன்னும் ஏறும்.

2009இல் கார்த்யாயினி முனைவர் பட்டம் வாங்கினாள். விருத்தாம்பாளின் ஆய்வு மூன்றாம் அத்தியாயத்திலேயே உட்கார்ந்திருந்தது. பாராட்டு விழாவுக்குக் கழுத்தில் ஏதாவது பளிச்சென்று போட்டுக்கொண்டு போகலாம் என்று பார்த்தால், பீரோ சாவி மாமியார் இடுப்பில் இருந்தது. மாமியார் விருத்தாசலத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். வெறும் சங்கிலியோடு போய் முதல் வரிசையில் உட்கார்ந்து பலமாகக் கைதட்டிவிட்டு வந்தாள். அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. குறிஞ்சிப்பாடியில் தொட்டிலைக் கிள்ளிய அந்த மூத்த குழந்தைகளின் ஞாபகம் அவளுக்கு வந்ததா என்றால், வரவில்லை. அது வேறு, இது வேறு என்று அவள் நினைத்தாள்.

ஆனாலும் அவள் கையில் ஒன்று மிச்சம் இருந்தது. அந்தப் பத்தொன்பது நாள். 2011 மே மாதம் சிவசுப்ரமணியன் ஓய்வு பெறுகிறார். அடுத்த தலைவர் யார் என்று அவர் எழுதிக் கொடுப்பதைத்தான் கல்லூரிச் செயலாளர் ஏற்பார். பணிமூப்பு என்றால் விருத்தாம்பாள். பட்டம் என்றால் கார்த்யாயினி. அந்த நாற்காலி மட்டும் கிடைத்துவிட்டால் மற்றதையெல்லாம் மறந்துவிடுவேன் என்று அவள் சாமியிடமே சொல்லியிருந்தாள்.

அந்த மார்ச்சில் துறையை மேல்மாடிக்கு மாற்றினார்கள். பழைய அலமாரியைக் காலி செய்யும்போது, சோதனைக் கையேடு ஒன்றின் நடுவிலிருந்து ஒரு தாள் விழுந்தது. விருத்தாம்பாள் குனிந்து எடுத்தாள். சிவசுப்ரமணியனின் பொடிக் கையெழுத்து. நாற்பது சொற்கள், எதிரே நாற்பது பதில்கள், அதற்கும் எதிரே விநாடிகள். மேலே தேதி, 2005 ஆகஸ்ட். பெயர் இல்லை. எண் இரண்டு என்று மட்டும் இருந்தது.

அவளுக்கு உடனே புரிந்தது. ஆய்வகம் திறந்த வருஷம், தலைவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். எந்தச் சோதனையையும் மாணவிகளுக்கு வைக்கும் முன்னால் ஆசிரியர்கள் தாங்களே உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும். இது சொல் தொடர்புச் சோதனை. அவர் ஒரு சொல் சொல்வார். மனதில் முதலில் வருவதைச் சொல்ல வேண்டும். பதில் வர எத்தனை விநாடி ஆகிறது என்று கையிலுள்ள கடிகாரத்தில் பார்த்து எழுதிக்கொள்வார். எந்தச் சொல்லில் பதில் வராமல் திணறுகிறதோ, அங்கே மனதில் ஏதோ சிக்கல் இருக்கிறது என்பது கணக்கு. ஒருவர் மனம் இன்னொருவர் கையில் அகப்படக் கூடாது என்று பெயரை எழுதாமல் எண்ணை மட்டும் போட்டு வைத்தார். ஒன்று தான்தான். ஜூன் பதினாறு. அப்படியானால் இரண்டு யார் என்று கேட்கவும் வேண்டுமா? தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

வீட்டில் போய் விரித்தால், விருந்து. கோயில் என்றதற்குக் கூட்டம் என்று பதில். கோயிலைச் சுற்றிக் குடியிருக்கிறவள் வேறு என்ன சொல்வாள்? சாவி என்றதற்கு மாமியார். அங்கேயும் அப்படித்தானா என்று விருத்தாம்பாளுக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி. மேடை என்றதற்குப் பின்வரிசை. தங்கை என்றதற்குப் புடவை. அதற்கு நான்கு விநாடி. பாராட்டு என்ற சொல்லுக்குப் பதில் வரப் பதினொரு விநாடி ஆகியிருந்தது. பதினொரு விநாடி கழித்து வந்த பதில், மற்றவங்க.

சிரித்த முகமும் கொத்சு டப்பாவுமாகத் திரிந்தவளின் உள்ளே இருந்தது இதுதானா? மூன்று நாள் உட்கார்ந்து அறிக்கை எழுதினாள். அவள் வாழ்நாளில் எழுதியதிலேயே சிறந்த எழுத்து அதுதான். பாதியில் நின்ற முனைவர் ஆய்வில் ஒரு பக்கம்கூட அப்படி வரவில்லை. பிறர் பெறும் பாராட்டைத் தன்னிடமிருந்து பறித்ததாகவே இவர் உணர்கிறார். வெளியே இணக்கமாகப் பழகினாலும் உள்ளே ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார். தலைமைப் பொறுப்பில் அமர்ந்தால் தமக்குக் கீழே உள்ளவர் வளர்வதைப் பொறுக்க மாட்டார். இப்படி நான்கு பக்கம். ஒரு வார்த்தை மிகையில்லை, ஒரு வார்த்தை குறையில்லை.

இளவரசு படித்துப் பார்த்தார். "பேரே இல்லாத பேப்பர வச்சிகிட்டு யார் மேல கேசு போடுவ நீ?" என்றார்.

"ஒண்ணு நானுங்க. ரெண்டு அவதானே."

"ஒண்ணு நீதான்னு யாரு சொன்னாங்க?"

இதற்கெல்லாம் யார் சொல்ல வேண்டும் என்று அவள் எழுந்து போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் பஸ் ஏறினாள். சிவசுப்ரமணியன் வீட்டில் அவரும் புத்தகங்களும்தான். காபி கொடுத்தார். அறிக்கையையும் தாளையும் வாங்கி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நான்கு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். பிறகு முதலிலிருந்து இன்னொரு முறை படித்தார். அவள் தெருவில் போகிற சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா எழுதியிருக்கீங்கம்மா. இந்த ஆளு தலைமைக்கு வரக்கூடாதுங்கறீங்க."

"சொல்லக் கஷ்டமாத்தான் இருக்கு சார். துறை நல்லா இருக்கணும்னுதான் சொல்றேன்."

"நிச்சயமா சொல்றீங்களா?"

"நிச்சயம் சார்."

அவர் எழுந்து உள்ளே போய் ஒரு பழைய நாட்குறிப்பைக் கொண்டுவந்தார். பக்கம் தேடி விரித்து, அவள் முன்னால் திருப்பி வைத்தார். அங்கே மூன்று வரி இருந்தது. மூன்று பெயர்கள்.

"எல்லாருக்கும் முன்னாடி நான் உக்காந்தேன். சாமிக்கண்ணுதான் வாட்ச்ச புடிச்சாரு. நாம உக்காராம அடுத்தவங்கள உக்காருங்கன்னு சொல்லக் கூடாதில்ல? ஒண்ணு நாம்மா. ரெண்டு நீங்க. கார்த்யாயினி மூணு."

விருத்தாம்பாள் இரண்டாவது வரியில் தன் பெயரைப் படித்தாள். பிறகு எதிரே கிடந்த தாளைப் பார்த்தாள். சாவி, மாமியார். தங்கை, புடவை. தன் கல்யாணத்தில் எடுக்காமல் தங்கை கல்யாணத்தில் தங்கைக்கு எடுத்த மயில் கழுத்துப் பட்டு கண்ணுக்கு நேராக வந்து நின்றது. இத்தனை நாள் இது ஏன் தெரியவில்லை என்றால், தெரிந்துகொள்ள அவள் படிக்கவில்லை. அடுத்தவளைப் பிடிப்பதற்காகப் படித்தாள். தன் மனதில் இருப்பதை அடுத்தவர் தலையில் ஏற்றிப் பார்ப்பது என்று வருஷா வருஷம் கரும்பலகையில் படம் போட்டு நடத்துகிறவள்தான்.

சிவசுப்ரமணியன் மேசை இழுப்பறையிலிருந்து ஓர் உறையை எடுத்தார். உள்ளே இருந்த கடிதத்தை அவள் படிக்கட்டும் என்று நீட்டினார். செயலாளருக்கு எழுதியது. தேதி முந்தின நாள். தமக்குப் பின் துறைத்தலைவராகத் திருமதி விருத்தாம்பாளைப் பரிந்துரைக்கிறேன் என்று, அதே பொடிக் கையெழுத்தில்.

"நாப்பது வார்த்தையில ஒரு மனுஷி அடங்கிடுவாளா? அந்த ஷீட்ட நான் அன்னைக்கே பாத்தவன். பாத்துட்டுத்தான் இத எழுதுனேன். ஆறு வருஷத்துல ஒரு நாளு நீங்க கிளாசுக்கு லேட்டா வந்ததில்ல, அதுதான் எனக்குத் தெரியும்." கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "ஆனா ஒருத்தரு நம்பிக் குடுத்த பேப்பர எடுத்து, அது அவங்களோடதுன்னு நெனச்சே, அவங்களுக்கு எதிரா எழுதிட்டீங்க. அந்த அலமாரிச் சாவிய உங்க கைல நான் எப்படிம்மா குடுப்பேன்?"

அவர் கோபப்பட்டிருந்தால் அவள் அழுதிருக்கலாம். தாளையும் அறிக்கையையும் சேர்த்து மடித்து அவளிடமே கொடுத்தார். இது யாருக்கும் தெரியாது, தெரியவும் வேண்டாம் என்றார். கடிதத்தைத் திரும்ப உறையில் போடாமல் மேசை மேலேயே வைத்துக்கொண்டார். வாசல்வரை வந்து, பஸ்ஸுக்குச் சில்லறை இருக்கிறதா என்றுகூடக் கேட்டார்.

ஜூன் மாதம் கார்த்யாயினி தலைவரானாள். அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டின அன்றைக்கு அவளே ஓடிவந்து, சீனியர் நீங்க இருக்கும்போது எனக்கு ஏன் மேடம் குடுத்தாங்க, ஒண்ணும் புரியலியே என்றாள். உடம்புக்கு முடியல, நான்தான் வேணாம்னு சொல்லிட்டேன் என்றாள் விருத்தாம்பாள். அதை கார்த்யாயினி நம்பினாள். நம்பியதோடு விடாமல், அன்றிலிருந்து மாடிப்படி ஏறும்போது விருத்தாம்பாளின் பையை வாங்கிக்கொள்ளவும் தொடங்கினாள். ஆரோக்கியமாக இருந்த ஒரு பெண்பிள்ளை தினமும் நோயாளி மாதிரி படியேற வேண்டியிருந்தது. வருகைப் பதிவேட்டிலும் பெயர்கள் இடம் மாறின. இப்போது விருத்தாம்பாள் பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டாள்.

தாளையும் அறிக்கையையும் அவள் கிழிக்கவில்லை. செம்மண்டலம் வீட்டில், தன் சான்றிதழ்க் கோப்பின் அடியில் போட்டு வைத்தாள்.

அந்த வருஷக் கடைசியில் 'தானே' என்ற புயல் வந்தது. ஊரில் மரம் மிச்சமில்லை, கரண்ட் இல்லை. கல்லூரி மேல்மாடிக் கூரைத் தகடு பிய்த்துக்கொண்டு போய், உளவியல் துறை அலமாரிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. பொங்கல் கழித்துத் திறந்தபோது, கார்த்யாயினியும் விருத்தாம்பாளும் சாமிக்கண்ணுவும் ஈரக் காகிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வெயில் படும் தாழ்வாரத்தில் பரப்பி, பறக்காமல் இருக்கக் கல் வைத்தார்கள். சாமிக்கண்ணு இன்னும் கல் பொறுக்கக் கீழே போயிருந்தார்.

குந்தியிருந்த கார்த்யாயினி திடீரென்று சிரித்தாள். ஒரு தாளைத் தூக்கிக் காட்டினாள். ஓரமெல்லாம் மை கரைந்திருந்தது, நடுவில் எழுத்து இருந்தது. மேலே எண் மூன்று.

"மேடம், இது என்னோடது. என் நம்பர் என்னான்னு அன்னைக்கே சார்கிட்ட கேட்டுகிட்டேன். இங்க பாருங்களேன்."

பாராட்டு என்ற சொல்லில் விரலை வைத்தாள். எதிரே எழுதியிருந்த பதில், விருத்தாம்பாள்.

விருத்தாம்பாள் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கார்த்யாயினி ஒளிக்காமல் சொன்னாள். அந்த வாரம்தான் புள்ளியியல் பாடத்தில் ஒருத்தி விடாமல் தேறியிருந்தார்கள். விருத்தாம்பாள் நடத்திய பாடம். கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சார் அதைச் சொல்லிப் பாராட்டினார். கார்த்யாயினியின் பாடத்தில் ஒன்பது பேர் தோற்றுப்போய்விட்டார்கள்.

"அன்னைக்கு சிதம்பரம் போற வரைக்கும் பஸ்ல அழுதுகிட்டே போனேன். உங்கள மாதிரி கட்டுசெட்டா நடத்த வரலியேன்னு ரெண்டு வருஷம் எரிஞ்சேன் மேடம். உங்களுக்குப் புடிக்கும்னு கொத்சு செஞ்சு எடுத்துட்டு வருவேன், நீங்க புளி ஜாஸ்தின்னு சொன்னா அன்னைக்குப் பூரா மனசு கெட்டுப்போயிரும். அப்புறம் எப்ப சரியாச்சுன்னு தெரியல." தாளை ஒரு கல்லுக்கு அடியில் வைத்தாள். "உங்களோடது எங்க மேடம்? சார் ஒண்ணு, அப்ப நீங்க ரெண்டாம் நம்பர்தானே?"

"நனஞ்சு போயிருக்கும்" என்றாள் விருத்தாம்பாள்.

தன்னைப் பார்த்து ஒருத்தி எரிந்திருக்கிறாள். ஏழு வருஷமாக அவள் கேட்க ஏங்கியது இந்த ஒரு வாக்கியத்தைத்தான். எரிந்தவளே எதிரில் குந்திக்கொண்டு, பட்டப்பகலில், சிரித்துக்கொண்டு அதைச் சொல்லியும் விட்டாள். பதிலுக்கு நானும்தான் என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். தொண்டைவரை வந்தது. அதற்குள் அவள் கண் தாளின் வலது ஓரத்துக்குப் போய்விட்டது. பாராட்டு என்ற சொல்லுக்கு நேரே, கரையாமல் தெளிவாக, பதினான்கு என்று இருந்தது.

தனக்குப் பதினொன்றுதான். எரிச்சலில்கூட மூன்று விநாடி கார்த்யாயினியே முன்னால் இருந்தாள்.